சாவி தப்பா, பூட்டு தப்பா? பழைய மேஜைப் பூட்டு பழுது பார்த்த குறிப்புகள்

பழைய தேக்கு மேஜை ஒன்று. டிராயர் பூட்டியிருக்கிறது. சாவியும் கையில் இருக்கிறது, ஆனால் பாதி திரும்பி நின்றுவிடுகிறது. இந்த நிலைமையில் நம்ம வீடுகளில் மூணு தீர்ப்பு வரிசையாக வரும். "இது அதோட சாவியே இல்ல." "பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு." "ஆசாரியைக் கூப்பிட்டு உடைச்சு எடுத்துடலாம்."

மூன்றாவது தீர்ப்பு நிறைவேறிய சாமான்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிராயர் முகப்பில் உளி வெட்டிய பள்ளம், அதன் மேல் ஒரு தகரப் பட்டை, கொண்டி, அதில் தொங்கும் புதுப் பூட்டு. காரைக்குடி பக்கம் பழைய சாமான் கடைகளில் நல்ல தேக்கு அலமாரிகளே இப்படி நிற்கும். மரத்தில் விழுந்த வெட்டை எந்தப் பாலிஷாலும் மறைக்க முடியாது.

நான் மென்பொருள் எழுதுகிறவன், பூட்டுத் தொழில் படித்தவன் இல்லை. ஆனால் கடந்த சில வருஷங்களாகப் பழைய பூட்டுகளைக் கழற்றிப் பார்ப்பது ஒரு பைத்தியமாக ஒட்டிக்கொண்டது. அதில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு: "திறக்கல" என்பது ஒரு அறிகுறி மட்டுமே. அதற்குக் குறைந்தது அஞ்சாறு காரணங்கள் இருக்கலாம். எது என்று பார்க்காமல் தீர்ப்பு சொன்னால் மரமும் கெடும், சில சமயம் மனுஷங்களும் காயப்படுவார்கள். அந்த இரண்டாவது விஷயத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

உள்ளே என்னதான் இருக்கு?

பிரிட்டிஷ் கால மேஜை, பீரோ, கல்லாப்பெட்டி ஆகியவற்றில் பொதுவாக இரண்டு வகைப் பூட்டு இருக்கும். முதல் வகையில் உள்ளே சில உலோகத் தடுப்புகள் மட்டும் இருக்கும். அந்தத் தடுப்புகளில் இடிக்காமல் சுற்றுகிற மாதிரி சாவியில் வெட்டு இருந்தால் போதும், திறந்துவிடும். மிகப் பழைய முறை, ஏமாற்றுவதும் சுலபம்.

இரண்டாவது வகை லீவர் பூட்டு. இதில் பூட்டின் நாக்கு, அதாவது மேலே நீண்டு மரச்சட்டத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும் துண்டு, அதன் மேல் ஒரு சின்ன முளை இருக்கும். அந்த முளைக்கு வழிமறித்தபடி மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இவைதான் லீவர்கள். ஒவ்வொரு லீவரிலும் இரண்டு அறைகள், நடுவில் ஒரு குறுகிய வாசல். பூட்டியிருக்கும்போது முளை ஓர் அறையில் இருக்கும், திறந்ததும் அடுத்த அறைக்குப் போகும். நடுவில் வாசலைக் கடந்தாக வேண்டும்.

சாவியின் பல்லில் படிப்படியாக வெட்டு இருக்கிறதே, ஒவ்வொரு படியும் ஒரு லீவரை அதற்கென்று உள்ள உயரத்துக்குத் தூக்குகிறது. எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் முளை கடக்கும், நாக்கு நகரும். நம்ம தொழில் பாஷையில் சொன்னால், நாலு நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் உண்மையாக வேண்டும். மூணு சரியாக இருந்து ஒன்று தவறினாலும் விடை 'இல்லை' தான்.

இங்கே முக்கியமான நுணுக்கம் ஒன்று. ஆரம்பகாலப் பூட்டுகளில் லீவரைப் போதுமான அளவு தூக்கினால் போதும், அதிகமாகத் தூக்கினாலும் பரவாயில்லை. 1778-ல் ராபர்ட் பேரன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு இதை மாற்றியது. குறைவாகத் தூக்கினாலும் அடைக்கும், அதிகமாகத் தூக்கினாலும் அடைக்கும். சரியான உயரம் ஒன்றே ஒன்றுதான். பிறகு வந்த லீவர் பூட்டுகளுக்கு இதுதான் அடிப்படை.

லீவரைத் தூக்குவது சாவி. அதைத் திரும்பக் கீழே கொண்டுவருவது யார்? ஒவ்வொரு லீவருக்கும் பின்னால் இருக்கும் ஒரு மெல்லிய ஸ்பிரிங். ஒரு பழைய பூட்டில் சீக்கிரம் சாகிற உறுப்பு அதுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: பூட்டா, மரமா?

சாவி திரும்பாவிட்டால் உடனே பூட்டைச் சந்தேகப்பட வேண்டாம். மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். பல வருஷம் இழுத்து இழுத்து டிராயரின் அடிப்பக்கம் தேய்ந்து, முகப்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். மேஜைக் கால் ஒன்று தரையில் சரியாக ஊன்றாமல் சட்டமே கோணியிருக்கும். இதில் எது நடந்தாலும் நாக்கு தன் பள்ளத்தின் ஓரத்தில் இறுகிக்கொள்ளும். சாவி எவ்வளவு சரியானதாக இருந்தாலும் அசையாது.

சோதிப்பது எளிது. ஒருவர் டிராயரை மெல்ல உள்ளே தள்ளிப் பிடிக்கட்டும், இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். அடுத்து மேலே தூக்கிப் பிடித்து, கீழே அழுத்திப் பிடித்து, வெளியே இழுத்துப் பிடித்து. நாலு திசையில் ஏதாவது ஒன்றில் சாவி லேசாகத் திரும்பினால் கோளாறு மரத்தில் இருக்கிறது, பூட்டில் இல்லை. மேஜைக் காலுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு வைத்தே சரியான கதைகள் உண்டு.

சாவியை இரண்டு விரலால் திருப்புங்கள், அதற்கு மேல் பலம் வேண்டாம். பழைய சாவி உள்ளேயே ஒடிந்தால் ஒரு வேலை மூணு வேலையாகிவிடும்.

இன்னொரு விசித்திரமான காரணமும் இருக்கிறது. 1818-ல் ஜெரமையா சப் காப்புரிமை பெற்ற பூட்டில், யாராவது தப்பான சாவியோ கம்பியோ போட்டு ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால், அது அப்படியே ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு சரியான சாவிக்கும் திறக்காது. "யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று உரிமையாளருக்குப் பூட்டே சொல்லும் ஏற்பாடு. முதலில் இதை விடுவிக்கத் தனிச் சாவி வேண்டியிருந்தது. 1824-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதே சாவியைப் பூட்டும் திசையில் ஒருமுறை திருப்பினால் போதும், கொக்கி விடுபடும். ஆகவே பழைய லீவர் பூட்டு திறக்கவில்லை என்றால் எதிர்த்திசையில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். செலவில்லாத சோதனை. அந்த வகைப் பூட்டாக இருந்தால் அது பழுதே இல்லை, தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

எங்க வீட்டு மேஜை

இப்போது மனுஷங்க விஷயம். எங்கள் தாத்தா ஒரு ஏலத்தில் வாங்கிய எழுத்து மேஜை ஊர் வீட்டில் இருந்தது. அவர் போன பிறகு அத்தைதான் அந்த வீட்டில் இருந்து பாட்டியைக் கவனித்துக்கொண்டார். நடு டிராயர் மட்டும் பூட்டிக் கிடந்தது. சாவி அத்தையிடம் இருந்தது, ஆனால் அது திறக்கவில்லை. வீட்டை விற்கலாம் என்ற பேச்சு வந்தபோது சித்தப்பா கேட்டார்: "இத்தனை வருஷம் உங்கிட்டதானே இருந்துச்சு? நிஜச் சாவி எங்கக்கா?"

அத்தை பதில் சொல்லவில்லை. எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு மேஜையை அறுப்பதா வேண்டாமா என்பது மரத்தைப் பற்றிய கேள்வியாக இல்லை. உள்ளே ஏதோ பத்திரம் இருக்கிறது, அதனால்தான் சாவி மாறியிருக்கிறது என்று ஒரு கதை உறவுக்குள் ஓட ஆரம்பித்திருந்தது. எனக்கு இரண்டு சனி ஞாயிறு கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மர சோதனைகள் நாலும் செய்தேன், பலனில்லை. எதிர்த்திசையில் திருப்பியும் பார்த்தேன், இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். சாவி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது. தப்பான சாவி என்றால் எப்போதும் ஒரே இடத்தில்தான் இடிக்கும், ஏனென்றால் உலோகத்தின் அளவு மாறுவதில்லை. இடிக்கும் இடம் மாறுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று பிடிப்பில்லாமல் ஆடுகிறது. மென்பொருளிலும் இப்படித்தான். எப்போதும் ஒரே மாதிரி வரும் பிழைக்கும், வந்து வந்து போகிற பிழைக்கும் காரணங்கள் வேறு.

ஆடுவது ஸ்பிரிங் போன லீவர் என்றால் புவியீர்ப்பு அதை எங்கேயோ சாய்த்து வைத்திருக்கும். அப்படியானால் புவியீர்ப்பின் திசையை மாற்றினால் போதுமே! மற்ற டிராயர்களை உருவி எடுத்துவிட்டு, கீழே மெத்தை விரித்து, தம்பியும் நானும் மேஜையை இடது பக்கம் படுக்க வைத்தோம். சாவி திரும்பவில்லை. வலது பக்கம் படுக்க வைத்து, சாவியில் லேசான அழுத்தம் கொடுத்தபடி, டிராயர் முகப்பில் துணி சுற்றிய மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினோம். ஏழெட்டுத் தட்டு இருக்கும், சாவி சுற்றியது. ஒரு கீறல் இல்லை.

இந்த வழி பலிக்காத நேரத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. மேலே இன்னொரு டிராயர் இருந்தால் அதை உருவிவிட்டுக் கையை விட்டுப் பார்க்கலாம். பல மேஜைகளில் பின்பலகை ஸ்க்ரூவில்தான் நிற்கும், கழற்றினால் டிராயரின் பின்பக்கம் தெரியும். டிராயரின் அடிப்பலகையும் பெரும்பாலும் காடியில் செருகியதுதான், பின்பக்கமாக உருவ வரும். பூட்டு முகப்பின் உள்பக்கத்தில்தான் பொருத்தியிருக்கும் என்பதால், உள்ளே கை போனால் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிடலாம். முகப்பில் உளி வைப்பது இதெல்லாம் தோற்ற பிறகுதான்.

பூட்டைக் கழற்றுவது

டிராயர் பூட்டு பொதுவாக நாலு ஸ்க்ரூவில் நிற்கும். பழைய ஸ்க்ரூவின் காடி குறுகலாக இருக்கும், இன்றைய ஸ்க்ரூடிரைவர் சரியாக உட்காராது, வழுக்கி மரத்தைக் கீறும். ஒரு மலிவான ஸ்க்ரூடிரைவரை வாங்கி, நுனியை அந்தக் காடிக்குத் தக்கபடி அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். இறுகிய இரும்பு ஸ்க்ரூவின் தலையில் சால்டரிங் அயர்ன் நுனியை ஒரு நிமிஷம் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டுத் திருப்பினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் படம் போட்டு, அதிலேயே குத்தி வையுங்கள்.

கழற்றியதும் பூட்டின் முகத்தைப் பாருங்கள். எங்கள் பூட்டில் ஒரு கிரீடமும் இரண்டு பக்கமும் வி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளும் பொறித்திருந்தன. விக்டோரியா மகாராணியின் குறி அது. அவர் ஆட்சிக்கு வந்தது 1837, மறைந்தது 1901. இதிலிருந்து பூட்டு 1837-க்கு முந்தியது இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம். மேஜையின் வயசைச் சொல்ல முடியாது, ஏனென்றால் பூட்டு தனியாக விற்பனையான சரக்கு. பூட்டைச் சுற்றியுள்ள மரப்பள்ளத்தையும் பார்க்க வேண்டும். பூட்டின் ஓரத்தோடு பொருந்தாத பழைய ஸ்க்ரூ ஓட்டைகளோ, அளவு மாறிய பள்ளமோ இருந்தால் முன்பு வேறு பூட்டு இருந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை. ஒரே பூட்டு, ஒரே பள்ளம், நாலே ஓட்டை. பூட்டை யாரும் மாற்றவில்லை. முதல் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

பூட்டின் மூடி சிலவற்றில் ஸ்க்ரூவிலும் சிலவற்றில் ரிவிட்டிலும் நிற்கும். ரிவிட் என்றால் விரிந்த தலையை மட்டும் அரத்தால் லேசாகத் தேய்த்தால் மூடி எழும்பும், முழுவதும் அறுத்துவிட வேண்டாம். மூடியைத் திறப்பதை ஒரு பெரிய கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் செய்யுங்கள். ஸ்பிரிங் துள்ளினால் பைக்குள்ளேயே கிடக்கும். ஒவ்வொரு லீவரையும் எடுக்கும் முன் போட்டோ, எடுத்தபின் வரிசையாக அடுக்கல். மேல் பக்கம் எது, கீழ்ப் பக்கம் எது என்பதும் முக்கியம்.

என்ன பழுது, என்ன வைத்தியம்

பழைய பூட்டுகளில் அதிகம் காணும் பழுது அழுக்கு. பல தலைமுறையாக ஊற்றிய தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் தூசியோடு சேர்ந்து கறுப்புப் பசையாக லீவர்களை ஒட்டவைத்திருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் நன்றாக உலர்த்தினால் போதும். உப்புத்தாளைக் கொண்டு லீவரைப் பளபளப்பாக்க வேண்டாம். வாசலின் விளிம்பு கொஞ்சம் தேய்ந்தாலும் சாவியின் அளவு பொருந்தாமல் போகும்.

அடுத்தது ஸ்பிரிங். எங்கள் பூட்டில் நாலு லீவர். மூன்றில் ஸ்பிரிங் நன்றாக இருந்தது, மூன்றாவது லீவரின் ஸ்பிரிங் அடியோடு ஒடிந்து துருப்பொடியாகக் கிடந்தது. அந்த லீவர்தான் இஷ்டத்துக்குச் சாய்ந்து வாசலை மறைத்துக்கொண்டிருந்தது.

புது ஸ்பிரிங்குக்கு நான் போனது ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. சாவி கொடுக்கும் பழைய வாட்ச்சின் மெயின் ஸ்பிரிங் துண்டு ஒன்று கேட்டேன். பெரியவர் ஒரு டப்பாவைக் கவிழ்த்து "எது வேணுமோ எடுத்துக்கோங்க தம்பி" என்றார், காசு வாங்கவில்லை. லீவரின் காடியில் இருந்த பழைய வேரை ஊசியால் நெம்பி எடுத்து, புதுத் துண்டைச் செருகி, காடியின் இரண்டு பக்கத்தையும் சின்ன ஆணிப் பொறியால் தட்டி இறுக்கினேன். மற்ற மூன்று ஸ்பிரிங்கின் நீளத்தையும் வளைவையும் பார்த்து அதே மாதிரி வளைத்துக்கொண்டேன். அழுத்தம் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருக்கக்கூடாது. அதிகமானால் சாவியும் லீவரும் ஒன்றையொன்று தின்னும்.

மூன்றாவது, சாவி தொலைந்த பூட்டு. மூடி திறந்த நிலையில் இது பயப்படும் வேலை இல்லை. அளவான வெற்றுச் சாவி ஒன்று வாங்கி, பல்லை மெழுகுவத்திப் புகையில் கறுப்பாக்கி உள்ளே விட்டுத் திருப்பினால், லீவர் பட்ட இடத்தில் கரி அழிந்திருக்கும். அந்த இடத்தில் அரத்தால் கொஞ்சம், மறுபடி கரி, மறுபடி சோதனை. ஒவ்வொரு வாசலும் முளைக்கு நேராக வந்ததும் அந்தப் படியை நிறுத்திவிட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பூட்டையே எடுத்துக்கொண்டு திண்டுக்கல் போகலாம். கையால் லீவர் பூட்டு செய்யும் ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஒரு பட்டறைக்காரர் பார்த்தால் நான் இங்கே பத்தி பத்தியாக எழுதியதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்.

கடைசியாக, மசகு. எண்ணெயை ஊற்றாதீர்கள். லீவர்களுக்கு மென்மையான பென்சிலின் கரித்தூளைத் தடவினால் போதும். நாக்கு உரசும் இடத்தில் மட்டும் குச்சி நுனியால் ஒரு பொட்டு மெஷின் எண்ணெய். வெளியே வழிந்தால் துடைத்துவிடுங்கள், மரத்தில் கறை ஏறும்.

சாவியின் சாட்சி

மூடியை மாட்டும் முன் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அத்தையின் சாவியைத் திறந்த பூட்டில் விட்டு மெல்லத் திருப்பினேன். நாலு லீவரும் எழுந்தன, நாலு வாசலும் ஒரே கோட்டில் முளைக்கு முன்னால் வந்து நின்றன. அதே உயரத்துக்கு வெட்டாத சாவி இதைச் செய்யவே முடியாது. அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். கீழே ஒரே வரி: "சாவி சரியான சாவிதான். ஒடிஞ்சது ஸ்பிரிங்."

டிராயரில் பத்திரம் எதுவும் இல்லை. கணக்கு நோட்டு இரண்டு, தாத்தா யார் யாருக்கோ கடன் கொடுத்து எழுதி வாங்கிய புரோநோட்டுகள், ஒரு மூக்குக்கண்ணாடி. புரோநோட்டுக்கு வழக்குப் போடும் கெடு மூணு வருஷம். இவை அதைத் தாண்டிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. சித்தப்பா மறுநாள் அத்தைக்குப் போன் செய்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு சாமான் இருந்தால் மூணு வேலையை இப்போதே செய்து வையுங்கள். ஒன்று, சாவி வேலை செய்யும்போதே ஒரு நகல் வெட்டுங்கள். நகலை அதே டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். இரண்டு, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று ஒரு துண்டு அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள். மூணு, பழுது பார்த்திருந்தால் என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி டிராயரின் அடிப்பலகைக்குக் கீழே ஒட்டுங்கள். எடுத்த பழைய துண்டுகளையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். அடுத்த தலைமுறையில் யாராவது அந்தப் பூட்டின் முன்னால் சாவியோடு நிற்கும்போது, ஆளைச் சந்தேகப்படும் முன் அந்தத் தாளைப் படிக்கட்டும்.